மூன்று எரர் கோடு, ஒரே வயர்: டிரக்கின் நடுக்கத்தைத் தேடிப்போன கதை

என் பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப் டிரக் மூன்று வாரமாகச் சரியில்லை. ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, கியர் லீவர்வரை நடுங்கும். மேடு ஏறும்போது திடீரென்று இழுவை போய்விடும், சில நொடியில் தானே சரியாகிவிடும். செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது.

ஸ்கேனரைச் செருகினேன். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்கள், அதாவது எரர் கோடுகள், மூன்று வந்தன: பி0107, பி0122, பி0300. முதலாவது, இன்டேக்கில், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில், உள்ள அழுத்தத்தைச் சொல்லும் மேப் சென்சாரின் வோல்டேஜ் குறைவு. இரண்டாவது, த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜ் குறைவு. மூன்றாவது, ஏதாவது ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி மிஸ் ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் போவது.

மேப் சென்சார் கோடு முதலில் நின்றதால் அதையே மாற்றினேன். கோடுகளை அழித்துவிட்டு ஓட்டினால், மறுநாள் அதே மூன்றும் திரும்ப வந்து நின்றன. சரி, இனி அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தையும் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்புறம்தான் ஃப்ரீஸ் ஃபிரேமைத் திறந்தேன். கோடு விழுந்த நொடியில் இன்ஜின் என்ன நிலையில் இருந்தது என்பதைக் கம்ப்யூட்டர் அதில் பதிந்து வைத்திருக்கும். வேகம் 48 கிலோமீட்டர், இன்ஜின் 2100 ஆர்.பி.எம், த்ராட்டில் 0 சதவீதம். அந்த நேரம் நான் மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன், அது 0 ஆக இருக்க வழியே இல்லை. அப்படியானால் சென்சார் சொன்னது பொய், இல்லையென்றால் அது சொன்னது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை.

மேப், த்ராட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். வயரிங் படத்தை விரித்தால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: சென்சார்கள் வேலை செய்ய கம்ப்யூட்டர் அனுப்பும் மாறாத 5 வோல்ட், அதாவது ரெஃபரன்ஸ் லைன். அது எங்கேயாவது பாடியில் தொட்டு எர்த் ஆகிவிட்டால், அதில் தொங்கும் எல்லா சென்சாரும் சேர்ந்தே 'குறைவு' என்றுதான் காட்டும். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலை உத்தேசமாக ஊற்றும். மிஸ் ஃபயர் அதன் பின்விளைவுதான்.

சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், த்ராட்டில் கனெக்டரின் பின்பக்கம் மல்டிமீட்டர் முனையை நுழைத்தேன். 5.02 வோல்ட். குறையே இல்லை! ஆனால் இந்தக் கோளாறு வந்து வந்து போவதாயிற்றே. மீட்டரைக் கண் முன்னால் தொங்கவிட்டு, வயர் கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே போனேன். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வால் பக்கம் ஒன்றுமில்லை. இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவருக்குப் பின்னால் அந்த வயர் கட்டை இன்ஜின் பக்கம் தள்ளியதும் எண் சட்டென்று 0.3க்கு விழுந்தது. கையை எடுத்தேன், மறுபடி 5.02. அந்த நொடியில் வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனாலும் அவசரப்படவில்லை. வயர் கட்டு அதே நிலையில் நிற்கும்படி ஒரு மரத்துண்டைச் சொருகி, அந்த லைனில் இருந்த சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பியிருக்கும். எல்லாவற்றையும் கழற்றியும் மீட்டர் 0.3ஐ விட்டு நகரவில்லை. கோளாறு வயரில்தான்.

டேப்பை உரித்தால், ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசி ஒரு வயரின் மேல்தோல் தேய்ந்திருந்தது. நகக்கண் அளவுகூட இல்லை, உள்ளே செம்பு பளபளத்தது. பிராக்கெட்டிலும் அதே இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது. மேட்டில் இன்ஜின் பாரம் இழுத்துச் சாயும்போது இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இழுவை ஏன் மேட்டில் மட்டும் போனது என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, தேய்ந்த இடத்தை வெட்டி சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டேன். கட்டு முழுவதற்கும் நெளிவுக் குழாய் மாட்டி, பிராக்கெட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி கிளிப்பில் நிறுத்தினேன். பிராக்கெட் விளிம்பையும் அரத்தால் மழுக்கினேன்.

நான்கு நாள் ஓட்டியாயிற்று, அதே மேடு உட்பட. ஸ்கேனரில் ஒரு கோடும் இல்லை. பெடலை மெதுவாக அழுத்தினால் த்ராட்டில் வோல்டேஜ் 0.6லிருந்து 4.5வரை எங்கேயும் தடுக்காமல் ஏறுகிறது. கழற்றிய பழைய மேப் சென்சாரையும் மாட்டிப் பார்த்தேன், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. துடைத்து, கவரில் போட்டு, டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.