டேங்க் ரோட்டிலிருந்து மேயர் ரோடு வரை

சிங்கப்பூருக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் டேங்க் ரோடு முருகன் கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தரிசனம் முடிந்ததும் பெரும்பாலும் டாக்ஸி பிடித்து முஸ்தபா கடைக்குப் போய்விடுவோம். இந்த முறை நான் கோயிலை விட்டு வெளியே வந்து, மேடேறி, ஆக்ஸ்லி ரைஸ் வரை நடந்தேன். நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடம்தான். அங்கே வேலிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு யூத ஜெப ஆலயம் நிற்கிறது. பெயர் செசெத் எல், கட்டியது 1905ல். கட்டியவர் மனாசே மேயர். பாக்தாத் யூதர். கல்கத்தா வழியாக வந்து, இந்தத் தீவில் நிலமும் கட்டடமுமாக ஒரு குடும்பச் சொத்தையே உருவாக்கியவர்.

கோயிலும் ஜெப ஆலயமும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதற்கு ஒரு காரணம் ஜாதிக்காய். இந்த மேடு முழுவதும் ஒரு காலத்தில் தாமஸ் ஆக்ஸ்லி என்ற அரசாங்க மருத்துவரின் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்தது. 1850களில் மரங்களுக்கு நோய் விழுந்தது. சிங்கப்பூரில் ஜாதிக்காய் போட்டவர்கள் எல்லோருக்குமே அப்போது கை சுட்டது. பட்டுப்போன தோட்டங்கள் மனைகளாக விலைக்கு வந்தன. ஆக்ஸ்லியின் நிலத்தில் ஒரு துண்டை வாங்கித்தான் நகரத்தார்கள் 1859ல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். அதே தோட்டத்தில் இருந்த கில்லினி ஹவுஸ் என்ற பெரிய வீட்டை 1890ல் மேயர் வாங்கி, பெல் வியூ என்று பெயர் மாற்றிக் குடியேறினார். பிறகு அந்த வளவிலேயே தன் செலவில் கட்டியதுதான் செசெத் எல்.

மேயர் இந்த ஊருக்கு முதலில் வந்தது 1861ல், பள்ளிப் பையனாக. படித்துவிட்டு கல்கத்தா, ரங்கூன் என்று சுற்றி, 1873ல் நிரந்தரமாகத் திரும்பினார். சகோதரரோடு சேர்ந்து மேயர் பிரதர்ஸ் என்ற கம்பெனியை நடத்தினார். இந்தியாவோடு ஏற்றுமதி இறக்குமதி என்று கௌரவமாகச் சொல்லலாம்தான். ஆனால் அதில் முக்கியமான சரக்கு அபினி. கொடைவள்ளல், சமூகத் தலைவர் என்று மட்டும் சொல்லி அபினியைத் தாண்டிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைக்கு அது சட்டப்படி நடந்த வியாபாரம். காலனி அரசே தன் வருமானத்தில் பெரும் பங்கை அபினியிலிருந்துதான் எடுத்தது. அபினி வியாபாரிகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைகளில், உட்கார்ந்திருந்த நம் செட்டியார்களும் உண்டு. அதனால் யாரும் யாரையும் விரல் நீட்ட வேண்டியதில்லை, சொல்லாமல் விடவும் வேண்டியதில்லை.

அந்த லாபத்தை மேயர் நிலத்தில் போட்டார். அடெல்ஃபி ஹோட்டல், கடலோரத்தில் ஸீ வியூ ஹோட்டல், வாடகைக்கு விடும் மேயர் மேன்ஷன்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. தீவில் முக்கால் பங்கு அவர் கையில் இருந்ததாக ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் ஏற்றிச் சொன்னதாகத்தான் எனக்குப் படுகிறது. பாதியைத் தள்ளுபடி செய்தாலும் பெரிய சொத்துதான்.

செசெத் எல்லுக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, தலைக்குக் குல்லா வாங்கிப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன். முகப்பில் குதிரை வண்டி வந்து நிற்பதற்கான போர்டிகோ. உள்ளே தரைக்கு நடுவில் ஒரு மேடை. யூதர்களின் வேதமான தோரா சுருளை அங்கே வைத்துத்தான் வாசிப்பார்கள். ஜெருசலேம் இங்கிருந்து மேற்கே இருப்பதால் சுருள்களை வைக்கும் பேழை மேற்குப் பக்கம். பெண்கள் உட்கார மேலே மாடம். ராஃபிள்ஸ் ஹோட்டலை வரைந்த அதே பிட்வெல் என்ற கட்டடக் கலைஞர்தான் இதையும் வரைந்தவர். தூண்களின் உச்சியில் இலையும் பூவுமாகச் சுதை வேலையைப் பார்த்தால் அந்தக் கை தெரிகிறது.

மேயர் ஏற்கெனவே 1878ல் வாட்டர்லூ தெருவில் மகைன் அபோத் என்ற ஜெப ஆலயம் எழும்பவும் முன்னின்றவர். தென்கிழக்கு ஆசியாவில் இன்றும் நிற்கும் யூத ஆலயங்களில் அதுதான் பழையது. யூதர்கள் நெருக்கமாகக் குடியிருந்தது அந்தப் பக்கம், மிடில் ரோட்டைச் சுற்றி. மேட்டின் மேலிருந்த செசெத் எல் அவர்களுக்குத் தூரம். யூத முறைப்படி கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஆள் சேராமல் போனபோது ஏழை யூதர்களுக்குப் பணம் கொடுத்து மேயர் வரவழைத்தார் என்று சொல்வார்கள். கோடீஸ்வரர் கோயில் கட்டிவிட்டார், சாமி கும்பிட ஆளைக் கூலிக்குப் பிடிக்க வேண்டியிருந்தது! எனக்கு இந்த மனிதர்மேல் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

1922 நவம்பரில் ஜப்பான் போகும் வழியில் ஐன்ஸ்டைன் சிங்கப்பூரில் இறங்கினார். ஊர் பார்க்க அல்ல, வசூலுக்கு. ஜெருசலேமில் தொடங்கவிருந்த ஹீப்ரூ பல்கலைக்கழகத்துக்கு மேயரிடம் நன்கொடை கேட்டு வாங்க வேண்டும் என்று யூத தேசிய இயக்கத் தலைவர் சைம் வைஸ்மன் அவரிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார். பெல் வியூவில் தடபுடலாக வரவேற்பு நடந்தது. ஐன்ஸ்டைன் தன் பயணக் குறிப்பில் மேயரைக் கிரீசஸ் என்றே எழுதுகிறார், நம் குபேரன் மாதிரி அவர்களுக்கு ஒரு பழைய ராஜா. தான் எய்தது எதுவும் அந்தத் தடித்த தோலுக்குள் இறங்கியதா என்று தெரியவில்லை என்று கேலி வேறு. இறங்கத்தான் செய்தது. மேயர் 500 பவுண்டு கொடுத்தார். உள்ளூர் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கட்டடம் கட்ட அவர் தந்தது 1,50,000 டாலர். புக்கிட் திமா வளாகத்தில் அவர் பெயரோடு அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. 1929ல் சர் பட்டம் கிடைத்தது, அடுத்த வருடமே காலமானார்.

மறுநாள் மாலை, அவர் பெயரைத் தாங்கிய மேயர் ரோட்டுக்குப் போனேன். காத்தோங் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் ஏறி வந்தாலே மேயர் ரோடு. இந்தப் பக்கம் இருந்த அவருடைய ஸீ வியூ ஹோட்டல் 1964ல் மூடப்பட்டது. அப்புறம் அரசு கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் கரையே தள்ளிப்போய்விட்டது. இப்போது சாலைக்கும் கடலுக்கும் நடுவே எக்ஸ்பிரஸ் சாலையும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும். இரண்டு பக்கமும் காண்டோக்கள், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அதில் ஒன்றின் பெயர் மேயர் மேன்ஷன், முழுக்கப் புதியது. பழைய மேயர் மேன்ஷன்ஸ் இருந்தது இங்கேயே இல்லை, நகருக்குள் கோல்மன் தெருவில். அதை எப்போதோ இடித்தாயிற்று. கூட வந்த மாமா மகன் போனைத் தட்டி ஒரு ஃபிளாட்டின் விலையைப் பார்த்துவிட்டு, "அத்தான், ஊர்ல இருக்கற நிலம் பூராத்தையும் வித்தாலும் இங்க பாத்ரூம்தான் வாங்கலாம்" என்றான். பெல் வியூவும் இப்போது இல்லை. வாடகை வாங்கிய கட்டடங்களில் முக்காலும் போய்விட்டன. பைசா வரும்படி இல்லாத இரண்டு ஜெப ஆலயங்களும் 1998 முதல் தேசிய நினைவுச் சின்னங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை வேண்டாம், அது ஓய்வுநாள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். படம் எடுப்பதற்குக் கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூச நாளில் டேங்க் ரோட்டுப் பக்கம் போக்குவரத்தை அடைத்துவிடுவார்கள், காவடி பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு ஆக்ஸ்லி ரைஸை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மகைன் அபோத்துக்குப் போனால் அதே வாட்டர்லூ தெருவில் மிடில் ரோட்டைத் தாண்டி கிருஷ்ணன் கோயில் வரும், பக்கத்திலேயே சீனர்களின் குவான் இம் கோயில். கிருஷ்ணனுக்கும் சீனர்கள் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள், நின்று பார்க்க வேண்டிய கூட்டம்.