ஜக்குஸி ஆசை

தேனிலவு விளம்பரமென்றால் ஒரு ஜக்குஸி (குமிழியிடும் வெந்நீர்த் தொட்டி), ரோஜா இதழ்கள், ஓரத்தில் ஒயின் கிளாஸ். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீரின் சூடு 40 டிகிரி வரை போகும். ரொம்ப நேரம் கிடந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒயினும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், தண்ணீருக்குள் உடலுறவு சுலபம் என்று நினைப்பது தப்பு. உடலின் இயற்கையான வழவழப்பைத் தண்ணீர் கழுவிவிடும், மிஞ்சுவது எரிச்சல்தான். ஆணுறையும் நழுவலாம். சூட்டில் கரு தங்காது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள், தங்கும்! குளோரின் சரியாகப் போடாத தொட்டியென்றால் சூடோமோனாஸ் கிருமி வேறு. நீச்சலுடை மூடியிருந்த இடமெல்லாம் சிவந்து தடித்து அரிக்கும்.

தொட்டியில் தோளில் சாய்ந்து கதை பேசுங்கள், போதும். மற்றதெல்லாம் துவட்டிக்கொண்டு கட்டிலுக்கு வந்த பிறகு.