பரபாஸுக்கு விழுந்த வாக்கு

விவாதப் போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் குடியியல் சேர் என்னைக் கட்சி மாற்றிவிட்டார். ‘கிறிஸ்தவமே சனநாயகத்தின் தாய்’ என்று பேச மூன்று கிழமையாகப் பாடமாக்கியிருந்தேன். “நீ நம்புகிறதையே பேசினால் உனக்கென்ன பிரயோசனம்?” என்றார். அவ்வளவுதான்.

கையிலிருந்த சரக்கெல்லாம் மறுபக்கத்துக்குரியது. 1647இல் லண்டனுக்கருகே புட்னியில், மன்னரை எதிர்த்துப் போரிட்ட, கிறிஸ்தவப் பற்று மிகுந்த குரொம்வெல்லின் படையினர் வாக்குரிமைக்காக வாதாடியதும், இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரியவனைப்போல வாழ ஓர் உயிர் உண்டு என்று அப்படையின் அதிகாரி ரெயின்ஸ்பரோ சொன்னதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதை எதிரணிக்குத் தாரைவார்த்துவிட்டு இரவிரவாக வேறு தேடினேன். நிறையவே அகப்பட்டது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வேதாகமத்தின் ரோமர் 13 எத்தனை மன்னர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது! தாராளவாதத்தோடு பாப்பரசர் சமரசமாக வேண்டும் என்பதே பிழை என்று 1864இல் பாப்பரசர் ஒன்பதாம் பயஸே அறிவித்திருந்தார். மத சுதந்திரம் மனிதனின் உரிமை என்று கத்தோலிக்கத் திருச்சபை சங்கம் கூடிச் சொல்ல 1965 ஆயிற்று. தென்னாபிரிக்காவில் இனஒதுக்கலுக்கு வேதத்திலிருந்தே நியாயம் எடுத்துக்கொடுத்தது டச்சு சீர்திருத்தத் திருச்சபை. அந்த இனஒதுக்கலை எதிர்த்த பேராயர் டெஸ்மன்ட் டுட்டு கையில் வைத்திருந்ததும் அதே வேதம் என்பதை நான் வசதியாக மறைத்துவிட்டேன்.

முடிவில் என் பிரம்மாஸ்திரம்: “இயேசுவையா, கலகக் கைதி பரபாஸையா விடுவிப்பது என்று மக்களைக் கேட்டான் ரோம ஆளுநன் பிலாத்து. வாக்கு பரபாஸுக்குத்தான் விழுந்தது!” நல்ல கைதட்டல்.

எதிரணித் தலைவி எழுந்தாள். “கூட்டத்தைத் தூண்டிவிட்டது பிரதான ஆசாரியர்கள் என்று சுவிசேஷத்தில் மாற்கு எழுதியிருக்கிறாரே, வாசிக்கவில்லையா? போர்ச்சேவகரை வைத்துக்கொண்டு ஆளுநர் கேட்பதற்குப் பெயர் தேர்தலா?” மண்டபம் சிரித்தது. தோற்றோம்.

1989இல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகர நிக்கொலாய் தேவாலயத்தின் திங்கட்கிழமைச் செபத்திலிருந்து சனம் கம்யூனிச ஆட்சியை எதிர்த்து மெழுகுதிரியோடு தெருவுக்கு வந்ததைப் பார்த்தபோது அவள் நினைவுதான் வந்தது. அரசனுக்குப் பக்கத்தில் கதிரை கிடைத்தால் திருச்சபை ரோமர் 13ஐ வாசிக்கும், கிடைக்காவிட்டால் மனிதருக்கல்ல, தேவனுக்கே கீழ்ப்படிவோம் என்ற அப்போஸ்தலர் 5ஐ வாசிக்கும் என்று அப்போது ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கையும் பிலிப்பைன்ஸின் மணிலா குழப்புகிறது. அங்கே செல்வாக்குக்குக் குறைவில்லாத கர்தினால் சின்தான் 1986இல் சர்வாதிகாரி மார்க்கோஸுக்கு எதிராக வானொலியில் மக்களை வீதிக்கு அழைத்தார்.

அன்று சேர் தந்த புள்ளித் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 100க்கு 62. கீழே சிவப்பு மையில்: “பரபாஸை விட்டிருக்கலாம்.”