வெளிச்சம் படாமல்

மார்ச் 4

டொலுவீன் கரைப்பானை ஊற்றியதும் ஃபுல்லரீன், அதாவது சி60 என்னும் கறுப்புத் தூள், ஊதாவாகக் கரைகிறது. எத்தனை முறை பார்த்தாலும் கை ஒரு நொடி நின்றுவிடும். ஒரு மில்லிலிட்டரில் 3 மில்லிகிராம்கூடக் கரையாது. ஆனாலும் அந்த நிறம்! அதே தூளைத் தண்ணீரில் போட்டால் மணல் மாதிரி அடியில் கிடக்கும். தண்ணீரோடு ஒட்டாத இந்தப் பந்து வடிவ மூலக்கூறுக்குத் தண்ணீருக்குப் பிடித்த கைகளை முளைக்கவைப்பதுதான் இரண்டு வருடமாக என் பிழைப்பு.

அக்கா இன்று சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டாளாம். அத்தான் அதை நல்ல செய்தி போலச் சொன்னார். அவள் வலது கைக்காரி.

மார்ச் 6

60 கார்பன். 12 ஐங்கோணம், 20 அறுங்கோணம். இரண்டு அறுங்கோணங்கள் ஒட்டும் விளிம்புகள் 30. இரட்டைப் பிணைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. மற்ற விளிம்புகளைவிட இவை கொஞ்சம் குட்டை: 1.45 ஆங்ஸ்ட்ராமுக்கு 1.38. பென்சீன் மாதிரி எலக்ட்ரான்களை எல்லாரும் பங்குபோட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கும் மூலக்கூறு இல்லை இது. பந்தாக வளைந்ததில் ஒவ்வொரு கார்பனும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வெளியிலிருந்து ஏதாவது வந்து ஒட்டினால் அந்த இடத்தில் முறுக்கு தளரும். அதனால்தான் கையாக ஒட்டும் புரோமோமாலோனேட்டும் கொஞ்சம் காரமும் போதும், அறை வெப்பத்திலேயே வேலை நடக்கிறது. வேதியியலாளர் பிங்கல் இதை 1993-இல் எழுதினார்.

முதல் கை எங்கே ஒட்டினாலும் ஒன்றுதான். 30 இடமும் சமம். இரண்டாவது கைக்கு 8 விதமான இடங்கள். மூன்றாவதை எண்ண எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு வேண்டியது மூன்றும் ஒரே அரைக்கோளத்தில் உட்கார்ந்த ஒன்று, சி3. பந்தின் இடுப்பைச் சுற்றி மூன்று கை என்றால் டி3, அது எனக்கு வேண்டாம். குடுவைக்குள் இருப்பவர்கள் நான் சொல்வதையா கேட்கப் போகிறார்கள்.

மார்ச் 9

முழுக்கப் பழுப்பு. காரம் அதிகம். கழிவுக் கேனில் ஊற்றிவிட்டேன்.

மார்ச் 11

தூக்கம் வரவில்லை. அந்த 1997 கட்டுரையை மறுபடி எடுத்தேன். ஓரமெல்லாம் என் பென்சில் கிறுக்கல். போன வருடம் கிறுக்கியவை. அப்போது படித்தது வேறு ஆள் என்று தோன்றுகிறது.

மனிதரின் பழுதான எஸ்ஓடி1 மரபணுவைச் சுமக்கும் சுண்டெலிகள். இயக்க நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும், கால்கள் தளரும். அவற்றுக்கு சி3 மாலோனிக் அமில ஃபுல்லரீனைக் கொடுத்தார்கள். தளர்ச்சி தள்ளிப்போனது. சாவும் தள்ளிப்போனது. சி60 ஃப்ரீ ராடிக்கல்களை, செல்லைத் தாக்கும் துடுக்கு மூலக்கூறுகளை, பஞ்சு மாதிரி உறிஞ்சும் என்பது 1991-லேயே தெரிந்த விஷயம். இந்த மூன்று கை மூலக்கூறு அதற்கும் ஒரு படி மேலே. அப்படிப்பட்ட சூப்பராக்சைடைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டுத் தான் தேயாமல் அடுத்ததைப் பிடிக்கப் போகிறது. நம் உடம்பு நொதி செய்கிற அதே வேலை, கொஞ்சம் மெதுவாக.

மூன்று கைகளும் ஒரு பக்கம் என்பதால் மறுபக்கம் மொட்டையாக, எண்ணெய்த்தன்மையோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தால் செல் சவ்வில் சாய்ந்துகொள்ளும். டி3-யால் அப்படிச் சாய முடியாது. எல்லாம் அந்தச் சாய்வில்தான்.

மார்ச் 12

தள்ளிப்போனது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அந்த எலிகள் எல்லாம் செத்தன.

மார்ச் 17

காலை 8 மணி முதல், கலவையைப் பிரிக்கும் சிலிக்கா குழாய் முன்னால். முதலில் ஊதா இறங்கும், எதுவும் ஒட்டாத சி60. அடுத்து ஒரு கை ஒட்டியது, செம்பழுப்பு. ஒளி உறிஞ்சலில் 426 நானோமீட்டரில் அதன் கூர்மையான முனை தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. அதற்கப்புறம் வருவதெல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு வரும் கூட்டம். 43 சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் அலுமினியத் தாள் சுற்றினேன். விரல் நுனியெல்லாம் கீறல். பரவாயில்லை, கீறல் பட்டால் எனக்கு உறைக்கிறது.

மார்ச் 20

அத்தான் பாட்டில் வாங்கியிருக்கிறார். ஆலிவ் எண்ணெயில் கரைத்த சி60. படம் அனுப்பியிருந்தார்: தெளிவான கண்ணாடி, உள்ளே அந்த ஊதா, ஜன்னல் திட்டில், வெயிலில்.

என் மூலக்கூறுதான். என் நிறம். போனில் கத்தினேன்.

"நீ ராப்பகலாப் படிக்கிறது இதைத்தானேம்மா? எலி ரெண்டு மடங்கு காலம் இருந்துச்சாம்."

அதேதான். அதனால்தான் கத்தினேன். 2012-இல் வந்த எலி ஆய்வு அது, சில எலிகளே. அதைப் பிடித்துக்கொண்டுதான் விற்கிறார்கள். 2021-இல் இன்னொரு குழு சுண்டெலிகளில் செய்து பார்த்தது. ஆயுள் நீளவில்லை. வெளிச்சம் பட்ட கரைசல் நஞ்சானது.

ஏன் என்று சொல்ல முயன்றேன். இந்தப் பந்து வெளிச்சத்தை வாங்கினால் அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். வாங்கிய ஒவ்வொரு துளி வெளிச்சத்துக்கும் ஏறக்குறைய ஒரு வெறிபிடித்த ஆக்சிஜன். அது எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கும். இருட்டில் பஞ்சு, வெளிச்சத்தில் தீக்குச்சி. புற்றுச்செல்லைக் கொல்ல இதே குணத்தைத்தான் வேறு ஆய்வகங்களில் முயல்கிறார்கள். ஒரே பொருள்தான் அத்தான், விளக்கைப் போட்டிருக்கிறோமா அணைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

அவர் நடுவில் எதுவும் பேசவில்லை. கடைசியில், "அப்ப நிழல்ல வெச்சா குடுக்கலாமா?" என்றார்.

மார்ச் 21

பாட்டிலுக்குத் துணி சுற்றியிருக்கிறாராம். கொடுக்கவில்லை என்கிறார். நம்புகிறேன்.

மார்ச் 27

போன வருடத்து மாதிரியை வைத்து ஜூனியர் பையன் செல் சோதனை செய்தான். மூன்று கைகளும் கண்டபடி கலந்து கிடக்கும் மாதிரி. சோடியம் ஹைட்ரைடு போட்டு எஸ்டரை உடைத்து அமிலமாக்கியது. இரண்டு தட்டு. தாள் சுற்றிய தட்டில் பெராக்சைடு ஊற்றியும் செல்கள் பிழைத்துக் கிடக்கின்றன. இன்னொன்றை ஹூட்டுக்குள் விளக்கோடு மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெராக்சைடு ஊற்றாத குழிகளிலும்.

அவனைத் திட்டவில்லை. அந்தத் தட்டைப் படம் எடுத்து அத்தானுக்கு அனுப்ப நினைத்தேன். அனுப்பவில்லை.

மார்ச் 30

"இத்தனை வருஷமாச்சே, ஏன்க்கா ஒரு மருந்துகூட வரலை?" என்று கேட்டான் அதே பையன். நியாயமான கேள்விதான், எனக்குத்தான் எரிச்சல்.

1993-இல் எச்ஐவி கிருமியின் புரோட்டியேஸ் நொதியின் குழிக்குள் சி60 கச்சிதமாக உட்காரும் என்று கண்டார்கள். குழியும் எண்ணெய்த்தன்மை, பந்தும் எண்ணெய்த்தன்மை, அளவும் பொருத்தம். எல்லாரும் துள்ளினார்கள். கடோலினியம் அணுவைக் கூண்டுக்குள் அடைத்து, வெளியே ஹைட்ராக்சில் ஒட்டி, எம்ஆர்ஐ படத்துக்குக் கொடுக்கலாம் என்றார்கள். எலிகளில் படம் பளிச்சென்று வந்தது. ஆனால் மருந்து என்றால் ஒவ்வொரு மாத்திரையிலும் அதே மூலக்கூறு இருந்தாக வேண்டும். ஹைட்ராக்சில் ஒட்டிய ஃபுல்லரீனுக்கு ஃபுல்லரினால் என்று பெயர், அதன் குப்பியில் 24 ஹைட்ராக்சில் என்று எழுதுகிறோம். அது சராசரி. உள்ளே 20-ம் இருக்கும், 28-ம் இருக்கும், எது எங்கே ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கூட்டத்துக்கு ஒரே பெயர் வைத்துவிட்டு அதை மருந்து என்றால் எப்படி? என் கணிப்பில் எல்லாம் தட்டி நின்றது இங்கேதான்.

இதைச் சொல்லி முடித்ததும், அந்த 43 குழாய்கள் மேல் எனக்கே திடீரென்று மரியாதை வந்தது.

ஏப்ரல் 3

மீன் கதை ஞாபகம் வந்தது. 2004-இல் ஃபுல்லரீன் கலந்த தண்ணீரில் விட்ட மீன்களின் மூளைக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததாகச் செய்தி. உலகமே பதறியது. சில வருடம் கழித்துப் பார்த்தால் கை நீண்டது கரைப்பான் பக்கம்: டெட்ராஹைட்ரோஃபியூரான் சிதைந்து மிஞ்சிய எச்சம். ஆகவே வெற்றிடத்தில் மூன்றாவது நாளாக உலர்த்துகிறேன். என் குப்பியில் குற்றவாளி என்று ஒருவர் இருந்தால் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

ஏப்ரல் 8

அக்காவோடு பேசினேன். "சாப்டியா" என்பதை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது அவளுக்கு. எனக்கு முதல் முறையே புரிந்தது. புரியாத மாதிரி ஏன் "ம்?" என்றேன்?

ஏப்ரல் 12

இதை இங்கே எழுதலாமா தெரியவில்லை. போன வருடத்துக் குப்பியில் ஒன்றைப் பைக்குள் வைத்துப் பார்த்தேன். எடையே இல்லை. மாடிப்படி வரை போனேன். கலப்பு மாதிரி, எத்தனை விதம் உள்ளே இருக்கிறதென்று எனக்கே தெரியாது, பையனுக்கு அவ்வளவு நீளமாகப் பாடம் எடுத்தவள் நான். திரும்பி வந்து வைத்துவிட்டேன். பதிவேட்டில் எடுத்ததாக எழுதவும் இல்லை, வைத்ததாக எழுதவும் இல்லை.

ஏப்ரல் 13

பொத்தான் வேண்டாம், ஒட்டுப்பட்டை வைத்த சட்டை வாங்கலாம் என்று அத்தானிடம் சொன்னேன். ஏற்கெனவே வாங்கிவிட்டாராம்.

ஏப்ரல் 19

31-ஆம் குழாய். தனியாக இறங்கிய ஒரே பட்டை. அதை என்எம்ஆரில், அணுக்களின் இருப்பைக் கோடுகளாகக் காட்டும் கருவியில், போட்டிருக்கிறேன். சி60 தனியாக இருந்தால் கார்பன் நிறமாலையில் 143-இல் ஒற்றைக் கோடுதான், 60-ம் சமம். மூன்று கை ஒட்டினால் 6 கார்பனின் கோடுகள் வேறிடம் போகும், மிச்சம் 54. சி3 என்றால் அந்த 54-ம் 18 கோடுகளாக வரும். டி3 என்றால் 9. எண்ணினால் போதும்.

ஏப்ரல் 20

17.

நான்கு முறை எண்ணினேன். 9 இல்லை, அது நிச்சயம். ஒரு கோடு இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கலாம், 145 பக்கம் ஒன்று கொஞ்சம் தடியாகத்தான் இருக்கிறது. அல்லது இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கலாம். மாதிரி 4 மில்லிகிராம்தான், ஒரு இரவு போதாது. இன்னும் இரண்டு இரவு ஓடட்டும் என்று கருவியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 22

முடிந்துவிட்டதாகக் கணினியில் காட்டுகிறது. இன்னும் திறக்கவில்லை. முதலில் அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, இந்த நேரத்தில் தூங்குவாள்.