கருக்கட்டல் சிகிச்சையும் அக்குபங்சர் ஊசியும்: என் அனுபவம்

மாங்குளத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். கடந்த ஆண்டு ஐ.வி.எஃப் சிகிச்சைக்காக (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிப் பின் கருப்பையில் வைப்பது) அந்த வழியில், ஹோர்மோன் மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மடியில் அணைத்தபடி, இரவு பஸ்ஸில் பலமுறை போய்வந்தேன். அந்நாட்களில் எனக்கு நித்திரை அறவே இல்லாமற் போயிற்று. உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் சீன வைத்தியமான அக்குபங்சர் செய்தால் கரு தங்கும் என்று யாரோ சொன்னதை மாமி கேட்டுவந்து சொன்னார்.

முதலில் சென்ற இடத்தில், பத்துத் தடவை ஊசி குத்தினால் போதும், ஹோர்மோன் மருந்தே தேவையில்லை என்றார்கள். அந்தப் பேச்சு என்னைப் பயமுறுத்தியது. மருந்தை இடையில் நிறுத்தியிருந்தால் அந்த மாதச் சிகிச்சையே வீணாகியிருக்கும். வவுனியாவில் நான் பின்னர் கண்ட, அக்குபங்சர் செய்யும் அம்மையார், "பிள்ளை, இதாலை பிள்ளை தங்கும் எண்டு நான் சொல்லமாட்டன். உங்கட டொக்டரிட்டைக் கேட்டுப்போட்டு வாங்கோ" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் செல்லத் தீர்மானித்தேன்.

என் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். 2002இல் ஜேர்மனியில் 160 பெண்களிடம் செய்த ஆய்வில், கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்னும் பின்னும் 25 நிமிடம் ஊசி பெற்றவர்களில் 42.5 வீதமானோரும், பெறாதவர்களில் 26.3 வீதமானோரும் கர்ப்பமுற்றார்கள். இந்தச் சிகிச்சை பரவலாகப் பேசப்பட அதுவே காரணமாம். ஆனால் ஊசி பெறாதவர்களுக்குத் தாங்கள் பெறவில்லை என்பது தெரிந்திருந்தது. 2018இல் வெளியான, அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியினருக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசியை வைத்துப் பார்த்தார்கள். குழந்தை பெற்றவர்கள் உண்மையான ஊசியில் 18.3 வீதம், போலி ஊசியில் 17.8 வீதம். வித்தியாசம் இல்லை என்றே கொள்ளவேண்டும். மனம் ஆறுமென்றால், பயிற்சி பெற்றவரிடம், ஒருமுறை பாவித்து எறியும் ஊசியால் செய்துகொள்ளத் தடையில்லை என்றார்.

உட்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே முதல் ஊசி இறங்கியது. முடிபோல் மெல்லியது, வலியை விட ஒரு கனமே பாதம்வரை பரவியது. அரைமணி நேரம் எவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கருமுட்டை எத்தனை என்றோ, காசுக்கு என்ன செய்தீர்கள் என்றோ. அன்றிரவு விடியும்வரை உறங்கினேன்.

கரு தங்கவில்லை. இரண்டு வாரம் கழித்துச் செய்த இரத்தப் பரிசோதனை அதைச் சொன்னபோது, ஊசி குத்தியதால்தான் இப்படி ஆயிற்றோ என்று மாமி கலங்கினார். அந்த 848 பேரின் கணக்கைத்தான் அவருக்குச் சொன்னேன்: ஊசி வாய்ப்பைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதைச் சொன்னபோது எனக்கும் நெஞ்சு இலேசாயிற்று.

உறையவைத்த கருக்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன. காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு வந்ததும் மீண்டும் கொழும்புக்குப் போகிறோம். பஸ் ஏறுவதற்கு முதல்நாள் வவுனியாவில் அந்த அம்மையாரிடம் அரைமணி நேரம் படுத்திருப்பேன், நித்திரைக்காக மட்டும்.