அப்போ நான் எதுலண்ணா ஓட்டுறது?

பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்கிற போன் கேமுக்கு மோட், அதாவது நாமே செய்து சேர்க்கிற வண்டி, செய்கிற யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது: "அண்ணா, லோ எண்ட் போனுக்கு ஒரு வெர்ஷன் விடுங்கண்ணா." முடியாது என்று பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு பையனுக்குச் சொன்னது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

2023-ல் பழைய அரசுப் பேருந்துகளுக்குப் புது பாடி கட்டி மஞ்சள் பெயின்ட் அடித்து விட்டார்களே, அந்த வண்டியைத்தான் செய்திருந்தேன். ஜன்னல் கம்பிகளைத் தனித்தனியாக வைத்தேன். கேமில் எந்த உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனதுதான்; எட்டுப் பக்க உருளையாக ஒரு கம்பி வைத்தால் அதற்கே 16 முக்கோணம். இரண்டு பக்கமும் எத்தனை ஜன்னல், எத்தனை கம்பி என்று கூட்டிப் பார்த்தால் சாதாரண போன் ஏன் திணறுகிறது என்று புரியும். அதற்கு மேல் 2048-க்கு 2048 பிக்சல் அளவில் டெக்ஸ்சர், அதாவது மாடல் மேல் ஒட்டுகிற படம். சுருக்காமல் விட்டால் ஒன்றே ஒன்று 16 எம்பி மெமரி எடுக்கும். பாதி அளவாக்கினால் 4 எம்பி. கம்பியைப் படமாக வரைந்து ஒட்டிவிட்டால் ஜன்னலுக்கு இரண்டே முக்கோணம். ஆனால் கேமராவைத் திருப்பும்போது கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி போய்விடும். வண்டிக்குள் ஆழமே இருக்காது.

அந்தப் பையன் எழுதியது இதுதான்: "எங்க ஊர் பஸ்ணா இது. டிப்போ பேருகூட கரெக்டா போட்டிருக்கீங்க. ஆனா என் போன்ல செலக்ட் பண்ண உடனே கேம் வெளிய வந்துடுது."

"தம்பி, டீட்டெயிலைக் குறைச்சா அது அந்த பஸ்ஸாவே இருக்காது. ஃப்ரீயாத்தானே தர்றேன், புரிஞ்சுக்கோ" என்றேன். "சரிண்ணா" என்றான்.

அப்புறம் வேறொருவர், யாரும் மாற்றக்கூடாது என்று என் மோடில் போட்டிருந்த லாக்கை உடைத்து, கம்பிகளையெல்லாம் எடுத்துவிட்டு, என் பெயரையும் எடுத்துவிட்டுத் தன் சேனலில் போட்டார். லிங்க்கை எனக்கு அனுப்பியதே இந்தப் பையன்தான். "இப்ப ஓடுதுண்ணா, பாருங்க!" நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறான். காப்பிரைட் புகார் கொடுத்தேன். வீடியோவும் போனது, டவுன்லோட் லிங்க்கும் போனது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து வந்த ஒரே வரி: "அப்போ நான் எதுலண்ணா ஓட்டுறது?"

பெயரை அழிப்பது திருட்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காசு வாங்காத வேலைக்குப் பெயர் ஒன்றுதான் கூலி; அதையும் எடுத்துக்கொண்டால் ராத்திரி கண்விழித்ததற்கு என்ன மிச்சம்? ஆனால் அந்த மஞ்சளும் போர்டு எழுத்தும் நான் கண்டுபிடித்ததா? ஹாரனை பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் பதிவு செய்தேன், டிரைவரைக் கேட்கவில்லை. போக்குவரத்துக் கழகத்திடமும் யாரும் கேட்பதில்லை. 2017-ல் இந்த கேமை விட்ட மாலியோ நிறுவனம், லிவரியை, அதாவது வண்டியின் பெயின்ட் டிசைனை, நாமே போட்டுக்கொள்ள வழிவிட்டது. அதில்தான் நம்மூர் பஸ்களே இந்தோனேசிய ரோட்டில் ஓடின. திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவன்தான் நானும்.

அது வேறு, இது வேறு என்றும் தோன்றுகிறது. என் மாடலால் கழகத்துக்கு ஒரு டிக்கெட்டும் குறையவில்லை.

பெயரை மட்டும் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்றார் மோட் செய்யும் நண்பர் ஒருவர். கேட்டால் போட்டிருப்பாரா? லாக்கை உடைத்தவர் போட்டிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என்னைக் குடைவது அது இல்லை. கம்ப்யூட்டர் இருக்கிறவன் யூரோ டிரக் என்கிற கம்ப்யூட்டர் கேமில் மோட் போட்டு பஸ் ஓட்டிக்கொள்வான். இந்த கேமுக்கு வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது வீட்டில் யாரோ வைத்திருந்த பழைய போன். அது தெரிந்தே, என் கம்ப்யூட்டர் திரையில் அழகாகத் தெரிகிற கம்பிகளை வைத்தேன். யாருக்காக வைத்தேன் என்று கேட்டால், அந்த பஸ்ஸுக்காக என்றுதான் சொல்ல வருகிறது.

இப்போது லோ எண்ட் வெர்ஷன் பாதி முடிந்திருக்கிறது. டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கும் முன்வாசலுக்கும் நிஜக் கம்பி, மற்றதெல்லாம் படம். பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் முடிப்பேன். முடித்ததும் முதலில் அவனுக்குத்தான் அனுப்புவேன். லாக் போட்டுத்தான் அனுப்புவேன்.