மோவாய்க்குப் போகாத நட்சத்திரம்

எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரம் யுனிகோடு. அதில் சைகை மொழிக்கும் எழுத்து இருக்கிறது. 2015-இல் வந்த 8.0 பதிப்பில் 672 குறிகளைச் சேர்த்தார்கள். வேலரி சட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1974-இல் உருவாக்கிய சைன்ரைட்டிங் என்ற முறை அது. அதற்கு முன்பே நடன அசைவுகளை எழுதவும் ஒரு முறை வகுத்தவர். கும்பகோணத்தில் டிடிபி கடை நடத்தும் எனக்கு இதெல்லாம் தெரியவந்தது அக்கா பையன் கல்யாணப் பத்திரிகையால்தான்.

பையனுக்கும் பெண்ணுக்கும் காது கேட்காது. "மத்ததெல்லாம் உங்க இஷ்டம் மாமா, பேருக்கு மேலே எங்க சைகைப் பேர் வரணும்" என்று வாட்ஸப்பில் எழுதினான். அவனுடையது சுலபம்: மோவாயில் இருக்கும் தழும்பை ஆள்காட்டி விரலால் தொட வேண்டும். எழுதினால் மூன்றே குறி. தலைக்கு வட்டம், தொடுவதற்கு நட்சத்திரம், விரல் நீட்டிய கைக்குக் கட்டமும் கோடும். சைகை செய்பவர் கண்ணுக்கு உள்ளங்கை தெரிந்தால் கட்டம் வெள்ளை, புறங்கை தெரிந்தால் கறுப்பு. நிறத்தை மாற்றவும் கையைத் திருப்பவும் பின்னால் ஒட்டுக் குறிகள் சேர்க்க வேண்டும். யோசித்தவர் கெட்டிக்காரர்.

கடையில் இன்னும் பேஜ்மேக்கர்தான். அதில் இது நடக்காது. நோட்டோ சைன்ரைட்டிங் எழுத்துருவை இறக்கி இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒட்டினேன். மூன்று குறியும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நட்சத்திரம் மோவாய்க்குப் போகவே இல்லை. யுனிகோடு தந்தது குறிகளை மட்டும்தான். எது எங்கே உட்கார வேண்டும் என்பதை வேறு மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பழைய எழுத்துருவில் 'கொ' அடித்தவர்களுக்கு இது புரியும். கொம்பு, க, கால் என்று நாமேதான் வரிசையாக அடிப்போம். யுனிகோடில் க-வுக்குப் பின் ஒகரக் குறியைக் கொடுத்தால் போதும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கணினியே வைத்துவிடும். சைகைக் குறிகளுக்கு யுனிகோடில் அந்த வசதி இல்லை. சட்டன் முறைக்காரர்கள் ஒவ்வொரு குறியோடும் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்களைச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள், நடுப்புள்ளி 500. அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருளில் சரியாக வரும். மற்ற இடத்தில் வெறும் எண்ணும் எழுத்தும். இடம் தெரியாத சைகையை நான் பாதி எழுத்து என்றுதான் சொல்வேன். அதே விரல் நெற்றியைத் தொட்டால் அது வேறு யாரோ.

கடைசியில் மவுஸால் இழுத்து வைத்துப் படமாக்கினேன். அச்சில் கச்சிதம். குறிகளாகவே அனுப்பிப் பார்த்தால் அவன் போனில் வெறும் கட்டங்கள். 2019-இல் யுனிகோடில் சேர்த்த நம் பழைய அளவைகளான குறுணி, பதக்கு, பின்னமான முந்திரி ஆகியவற்றின் குறிகளும் என் போனில் இதே கட்டம்தான், நெல் அளந்த ஊரிலேயே! அது எழுத்துரு இல்லாத குறை, என்றாவது தீரும்.

"எங்களுக்குள்ள பேச வீடியோ கால் போதும் மாமா, ஆனா வீடியோவ மண்டப வாசல்ல கட்ட முடியாதே" என்கிறான். வாசல் பேனருக்கும் அதே படம்தான் வேண்டுமாம், எட்டடிக்கு ஆறடி. வெக்டார் என்பதால் எவ்வளவு இழுத்தாலும் உடையாது. பிளெக்ஸ் செலவு யாருடையது என்று மட்டும் இன்னும் பேசவில்லை.